கட்டை உடம்புக்கு நீளம் தாண்டுதல் வருமா?

நம் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 14 வயது, தமிழ் மீடியத்தில் ஒன்பதாம் வகுப்பு. உயரம் 156 செ.மீ., எடை 58 கிலோ, இடுப்புச் சுற்றளவு 71 செ.மீ. நீளம் தாண்டுதல் என்றால் உயிர். இந்த வருடம் 4.55 மீட்டர் தாண்டியிருக்கிறாள். நின்ற இடத்திலிருந்து தாண்டினால் 1.95 மீட்டர், 30 மீட்டர் ஓட்டம் 4.8 விநாடி. ஆனால் பி.டி. சார், "கட்டை உடம்பு, தொடை பெரிசு, பிஎம்ஐ 23.8 வருது. அஞ்சு கிலோ குறைக்கட்டும், இல்லேன்னா ஷாட் புட்டுக்கு மாறட்டும்" என்று சொல்லிவிட்டாராம். (பிஎம்ஐ என்பது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்.) அன்றிலிருந்து பெண் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. உடம்பு வாகுக்கும் துள்ளும் திறனுக்கும் உண்மையில் என்ன சம்பந்தம், எடையைக் குறைக்கணுமா, ஷாட் புட்டுக்கு மாற்றலாமா என்பதுதான் கேள்வி.

அக்கா, முதலில் ராத்திரிச் சாப்பாடு. இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன், ஆனால் நீங்கள் முழுசாகப் படித்து முடிக்கும்வரை அது காத்திருக்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோச்சுகள் எக்ஸ்ப்ளோசிவ் பவர் என்று சொல்வதன் கணக்கு எளிமையானது: விசையை வேகத்தால் பெருக்கினால் பவர். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறாய் என்பது பாதி, எவ்வளவு சீக்கிரம் தள்ளுகிறாய் என்பது மீதி. நம் தசை தன் முழு பலத்தையும் திரட்ட கிட்டத்தட்ட 0.3 விநாடியாவது எடுத்துக்கொள்ளும். நீளம் தாண்டும்போது மிதித்துக் கிளம்பும் பலகையில் கால் இருக்கும் நேரமோ சுமார் 0.12 விநாடிதான். முழு வேக ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் கால் தரையில் இருப்பது 0.1 விநாடி, அல்லது அதற்கும் குறைவு. ஆக, நூறு கிலோ தூக்கத் தெரிந்தவர் அத்தனை பலத்தையும் அந்த நேரத்துக்குள் தரையில் இறக்க முடியாவிட்டால் தாண்டுதலில் அது உதவாது. 1938-இல் ஏ.வி. ஹில் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் தவளைத் தசையை வைத்துக் காட்டியது இதன் இன்னொரு பக்கம்: பாரம் கூடக் கூடத் தசை சுருங்கும் வேகம் குறையும். மிகப் பெரிய பவர் வருவது முழு பாரத்திலும் இல்லை, முழு வேகத்திலும் இல்லை. உச்ச விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும் இடத்தில்தான் வருகிறது.

அதனால் ஒரு பெண் எவ்வளவு துள்ளுவாள் என்பது மூன்று விஷயத்தில் நிற்கிறது. தள்ளும் தசை எவ்வளவு இருக்கிறது, அது எவ்வளவு சீக்கிரம் விழித்துக்கொள்கிறது, அது எவ்வளவு எடையைத் தூக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும் கொஞ்சம் தெரியும், அதுவும் அரைகுறையாக. இரண்டாவது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நரம்பு எவ்வளவு வேகமாகத் தசைக்குச் சேதி அனுப்புகிறது, தொடையில் வேக நார்கள் (சட்டென்று சுருங்கும் தசை இழைகள்) எத்தனை பங்கு, தசையை எலும்போடு கட்டும் தசைநார் எவ்வளவு விறைப்பு என்பதெல்லாம் தோலுக்கு அடியில் நடக்கிற கதை. பெண்ணை நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறவர் இந்தப் பாதியை விட்டுவிட்டுத்தான் சொல்கிறார்.

நம்பிக்கை வராவிட்டால் வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் விடிகாலையில் சுமட்டுக்காரர்கள் மூட்டை ஏற்றுவதைப் பாருங்கள். தொப்பை விழுந்த, கழுத்தே தெரியாத ஒருவர் மூட்டையின் இரண்டு காதையும் பிடித்துக் குந்துவார். கை வளையாது. இடுப்பை மட்டும் ஒரு வெட்டு வெட்டுவார், மூட்டை தோளில் இருக்கும். பளுதூக்கும் அரங்கில் கிளீன் என்று கற்றுத்தருவதும் அந்த இடுப்பு வெட்டைத்தான். அதே ஊரில் கள் இறக்குகிறவர் ஒருவர், விலா எலும்பு எண்ணலாம் போன்ற உடம்பு. பனையில் அவர் ஏறுவதைப் பார்த்தால் பலத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அது நிதானமாக, நீண்ட நேரம் பிடித்து நிற்கும் பலம். இந்த இருவரில் துள்ளும் திறன் யாருக்கு அதிகம் என்று உடம்பைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் பத்துக்கு ஒன்பது பேர் ஒல்லியானவரைத்தான் காட்டுவார்கள், தப்பாக.

பி.டி. படிப்பில் எண்டோமார்ஃப், மீசோமார்ஃப், எக்டோமார்ஃப் என்று மூன்று உடல் வகை சொல்லிக் கொடுப்பார்கள். குண்டு, தசைக்கட்டு, ஒல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1940-களில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களின் படங்களை வைத்து உண்டாக்கிய பிரிவு அது. உடம்பு வாகை வைத்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று அவர் சொன்னதை அறிவியல் எப்போதோ தள்ளிவிட்டது. 1967-இல் ஹீத், கார்ட்டர் என்ற இருவர் அதைத் திருத்தி, தோல் மடிப்பின் தடிமன், எலும்பின் அகலம், கை கால் சுற்றளவு எல்லாம் அளந்து மூன்றுக்கும் தனித்தனி எண் போடும் முறையாக்கினார்கள். அதன்படி எல்லோரிடமும் மூன்றும் கலந்தே இருக்கும். ஓட்டக்காரர்கள், தாண்டுபவர்கள் பெரும்பாலும் தசைக்கட்டு எண் தூக்கலாக உள்ளவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அது பல வருடம் பயிற்சி செய்து முடித்த உடம்பின் அளவு. பயிற்சியே அந்த உடம்பைச் செய்தும் இருக்கிறது. அதை எடுத்து ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் மேல் வைத்து, நீ இந்த வகை இல்லை என்று தள்ளுவது நியாயமே இல்லை.

குட்டையாக, திரட்சியாக இருப்பதில் ஒரு அனுகூலமும் உண்டு. தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது. உருவம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். அதனால் சிறிய உடம்புக்கு, கிலோ கணக்கில் பார்த்தால், பலம் அதிகம். 2021-இல் தாஷ்கண்டில் பளுதூக்கும் போட்டியின் 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு 119 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தி அன்றைய உலக சாதனை செய்தார். பிரிவின் எடையில் 2.4 மடங்கு. ஐந்தடியை ஒட்டிய உயரம். அதே ஆண்டு ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 267 கிலோ தூக்கினார். போட்டியில் மனிதர் தலைக்கு மேல் தூக்கியதிலேயே அப்போது அதிகம், ஆனால் அவர் எடை 170 கிலோவுக்கு மேல், விகிதம் ஒன்றரைதான். மீராபாயைத் தெருவில் பார்க்கிறவர்கள் கட்டை உடம்பு என்றுதான் சொல்வார்கள்.

சரி, தாண்டுதலுக்கு நெடுநெடுவென்ற உடம்புதானே வேண்டும் என்பீர்கள். உயரம் உதவும், இல்லை என்று சொல்லமாட்டேன். பலகையை விட்டுக் கிளம்பும்போது உடம்பின் ஈர்ப்பு மையம் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு தூரம் கூடுதலாகக் கிடைக்கும். நம் பாலக்காடு யாக்கரையின் எம். ஸ்ரீசங்கர், 2023-இல் புவனேஸ்வரில் 8.41 மீட்டர் தாண்டியவர், அந்த நெடிய வாகு. ஆனால் 1987-இல் 8.86 மீட்டர் தாண்டிய அன்றைய சோவியத் வீரர் ராபர்ட் எம்மியான் 178 செ.மீ. உயரம்தான். உயரம் தாண்டுதலில் 1978-இல் பிராங்க்ளின் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் 173 செ.மீ. உயரத்தை வைத்துக்கொண்டு 2.32 மீட்டர் தாண்டினார், தன் தலைக்கு மேல் 59 செ.மீ. ஓட்டத்தில் 195 செ.மீ. உசைன் போல்ட் 100 மீட்டரை 41 எட்டில் முடித்தார் என்றால், 172 செ.மீ. உயரமுள்ள சீனாவின் சு பிங்டியன் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் 9.83 ஓடினார். வாகு மாறினால் வழி மாறுகிறது. நீளக் கால் உள்ளவர் எட்டின் நீளத்தில் எடுப்பதைக் குட்டைக் கால் உள்ளவர் எட்டின் வேகத்தில் எடுக்கிறார்.

மொத்த உயரத்தை விட, எடை உடம்பில் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஓடும்போது கால் இடுப்பிலிருந்து வீசப்படுகிறது. வீசும் கஷ்டம் எடையோடு நேராகவும், இடுப்பிலிருந்து உள்ள தூரத்தோடு இருமடிப் பெருக்காகவும் கூடும். அதாவது கணுக்காலில் இருக்கும் அரைக் கிலோ, தொடையின் மேல் பகுதியில் இருக்கும் அரைக் கிலோவை விடப் பல மடங்கு தொந்தரவு. அதனால்தான் நல்ல ஓட்டக்காரர்களுக்குப் பின்பக்கமும் மேல்தொடையும் திரண்டிருக்கும், கெண்டைக்கால் மேலே ஏறி, கணுக்கால் மெலிந்திருக்கும். தொடை பெரிசு என்று உங்கள் மகளைக் குறை சொல்லியிருக்கிறார்களே, உடம்பை மேலே தூக்கும் தசைகள் இருக்கும் இடமே அதுதான். தொடையைக் கையால் பிடித்து, இறுக்கச் சொல்லிப் பாருங்கள். கல் மாதிரி இறுகினால் அது கொழுப்பு இல்லை.

தசைநாரையும் சொல்ல வேண்டும். குதிகாலுக்கு மேல் இருக்கும் அக்கிலிஸ் தசைநார், கால் தரையில் இறங்கும்போது நீண்டு சக்தியைச் சேமித்து, கிளம்பும்போது திருப்பித் தருகிறது. பஹாமாஸின் டொனால்ட் தாமஸ் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். 2006-இல்தான் உயரம் தாண்டவே ஆரம்பித்தார், 2007-இல் ஒசாகாவில் உலக சாம்பியன் ஆனார். அவருடைய நீளமான அக்கிலிஸ் தசைநாரைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். பிறவி வாகு இவ்வளவு தூரம் பேசும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் யாருடைய தசைநார் எப்படி என்று கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தாண்ட விட்டுத்தான் தெரியும்.

அப்படியே இன்னொன்று. குழந்தையின் எச்சிலை அனுப்பினால் எந்த விளையாட்டு பொருந்தும் என்று ஜீன் பார்த்துச் சொல்கிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. ஏசிடிஎன்3 என்று ஒரு ஜீன் உண்டு, வேக நார்களில் ஒரு புரதத்தை உண்டாக்குவது. வேக ஓட்டக்காரர்களிடம் அது வேலை செய்யும் வடிவில் இருப்பது அதிகம்தான். ஆனால் அந்தப் புரதமே உடம்பில் உண்டாகாத ஒரு ஸ்பெயின் வீரர் 8.26 மீட்டர் நீளம் தாண்டி இரண்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதை 2007-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.

இப்போது எடைக் கணக்கு. பிஎம்ஐ 23.8 என்றால் என்ன அர்த்தம்? செக்போஸ்ட் பக்கத்து எடைமேடையில் லாரியை ஏற்றினால் மொத்த எடை தெரியும். உள்ளே இருப்பது தேங்காயா செங்கல்லா, எஞ்சின் எப்படி என்று அது சொல்லாது. பிஎம்ஐ அந்த எடைமேடைதான். 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ சரியாக 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். நம் நாட்டில் ஒல்லியாகத் தெரிந்தும் உள்ளே கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் ஏராளம். அதே மாதிரி திரட்சியாகத் தெரிந்தும் தசையே அதிகம் உள்ள பிள்ளைகளும் உண்டு. போதாக்குறைக்கு, 23-க்கு மேல் அதிக எடை என்பது ஆசியப் பெரியவர்களுக்கு வைத்த கோடு. 14 வயதுக்கு வயதுவாரியான அட்டவணை தனியாக இருக்கிறது. நான் பார்ப்பது இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்பதை. 156-இல் பாதி 78. உங்கள் மகளுக்கு 71. இதில் எனக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் கொழுப்பு தாண்டுதலைப் பாதிக்காதா என்றால், பாதிக்கும். கொழுப்பு தள்ளாது, தூக்கிச் செல்ல மட்டும் வேண்டும். ஓடிவந்து பலகையில் மிதிக்கும்போது கால் தாங்கும் விசை உடல் எடையைப் போலப் பல மடங்கு, ஒவ்வொரு கூடுதல் கிலோவும் முட்டியில் பெருகி இறங்கும். இதை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் மகள் நின்ற இடத்தில் 38 செ.மீ. எம்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குந்திய நிலையிலிருந்து கால் தரையை விடும்வரை உடம்பு 35 செ.மீ. மேலே வருகிறது. இதற்குத் தரையைச் சராசரியாக 1,190 நியூட்டன் விசையில் தள்ள வேண்டும். இப்போது 3 கிலோ குறைக்கிறாள், குறைந்தது அத்தனையும் கொழுப்பு, பலம் ஒரு துளி குறையவில்லை என்று வைத்தால் எம்பும் உயரம் 42 ஆகும். நாலு சென்டிமீட்டர் லாபம். எடை அப்படியே இருந்து, தள்ளும் விசை பத்து சதவீதம் கூடினால்? 45 செ.மீ. ஏழு சென்டிமீட்டர் லாபம்.

சதவீதத்துக்குச் சதவீதம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் எங்கே என்றால், முறையான பலப் பயிற்சியே இதுவரை செய்யாத 14 வயதுப் பெண்ணுக்கு ஒரு சீசனில் பத்து சதவீதம் விசை கூட்டுவது சாதாரணமாக நடக்கிற காரியம். சாப்பாட்டை விட்டு மூன்று கிலோவும் சுத்தமாகக் கொழுப்பாகவே குறைப்பது நடக்காத காரியம். பட்டினியில் தசையும் சேர்ந்து போகும், பயிற்சியில் வேகம் போகும், கணக்கின் இரண்டு பக்கமும் நஷ்டம்.

பட்டினியை நிறுத்தச் சொன்னதற்கு இதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. உழைப்புக்குத் தகுந்த சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். பெண் பிள்ளைகளுக்கு முதலில் மாதவிடாய் தள்ளிப்போகும், அப்புறம் எலும்பு மெலியும், முன்னங்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கென்று தனிப் பெயர் வைத்து எல்லா நாட்டுக் கோச்சுகளையும் எச்சரித்தது. எலும்பு அடர்த்தி சேருவது பெரும்பாலும் இந்த வயதில்தான். இப்போது விட்டதை இருபத்தைந்து வயதில் பிடிப்பது கஷ்டம். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால் கோச்சிடம் இல்லை, டாக்டரிடம் போங்கள். கூடவே ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயது இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 12-க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிற்சியும் உடம்பில் ஒட்டாது.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைத்தான் நம் கிரவுண்டுகளில் யாரும் யோசிப்பதில்லை. பெண்கள் மளமளவென்று வளரும் உச்சம் சராசரியாக 12 வயது, பையன்களுக்கு 14. வயதுக்கு வந்த பிறகு பெண் உடம்பு இயற்கையாகவே கொழுப்பைச் சேர்க்கும், இடுப்பு அகலும். உடம்பின் அமைப்பே மாறுகிற அந்த இரண்டு மூன்று வருடம் பல பெண்களுக்குத் தாண்டும் தூரம் அப்படியே நிற்கும், சிலருக்குக் குறையும். அது சோம்பலும் இல்லை, சாப்பாட்டுக் குறையும் இல்லை. அந்தச் சமயத்தில் பலப் பயிற்சி கொடுத்தால் புது உடம்பைத் தூக்கப் பழகிக்கொள்கிறாள். உடம்பைக் குறை சொன்னால் ஸ்பைக்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அப்படிப் போன பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தம் எனக்குத் தீரவே இல்லை. கேரளப் பள்ளிப் போட்டிகளில் 14 வயது வரை சப் ஜூனியர், 17 வரை ஜூனியர், 19 வரை சீனியர். 14 தாண்டியவுடன் உங்கள் மகள் 16 வயதுப் பெண்களோடு நிற்க வேண்டும். அதுவும் 2022, 2023 இரண்டு வருடமும் மாநிலப் பள்ளித் தடகளத்தில் முதலிடம் பிடித்த பாலக்காடு மாவட்டத்தில். இங்கே ஆறாவதாக வருவதும் சாதாரணமில்லை.

மகளின் பவர் கூடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். எடை மிஷினில் ஏறுவதை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள். சுவரோரம் நிற்க வைத்து, கையைத் தூக்கி எட்டும் இடத்தில் ஒரு கோடு. விரல் நுனியில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டு எம்பி, உச்சியில் சுவரைத் தொடட்டும். இரண்டு தடத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான் எம்பும் உயரம். மூன்று தடவை, நல்லதை எழுதிக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், 30 மீட்டர் ஓட்டம் இரண்டையும் மாதம் ஒருமுறை அதே நேரத்தில் பாருங்கள். நம் பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் தாண்டுதலில் சாதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் 30 மீட்டரைக் காற்றோடு ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை ஓடவிட்டுச் சராசரி எடுங்கள். நீங்கள் கொடுத்திருக்கும் 1.95 மீட்டரும் 4.8 விநாடியும் இந்த வயதுக்கு நன்றாகவே இருக்கின்றன.

பயிற்சி வாரத்தில் மூன்று நாள் போதும். குந்தி எழுதல், ஒரு காலை முன்வைத்துக் குந்துதல், இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்தல் எல்லாம் முதலில் சொந்த எடையில். முட்டி உள்ளே சாயாமல் செய்ய வந்த பிறகு அரிசிப் பையில் மணல் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யலாம். துள்ளும் பயிற்சியில் முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளட்டும். சத்தமில்லாமல், முட்டி பாதத்துக்கு நேராக. ஒரு நாளைக்கு அறுபது துள்ளலுக்கு மேல் வேண்டாம், சிமெண்ட் தரையில் வேண்டவே வேண்டாம். வேக ஓட்டம் 20, 30 மீட்டர், ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று நிமிடம் முழு ஓய்வு. மூச்சு வாங்க வாங்க ஓடினால் அது வேகப் பயிற்சியே இல்லை. எடை குறைய ஐந்து கிலோமீட்டர் ஜாகிங் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், துள்ளும் காலுக்கு அது ஒத்துவராது. மார்ச், ஏப்ரலில் காலை ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள். நம் பக்கத்து வெயில் தெரிந்ததுதானே.

சாப்பாட்டில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதம் என்று வைத்தால் நாளைக்கு 87 கிராம். பெரிய தொகையாகத் தெரியும், வீட்டுச் சாப்பாட்டிலேயே கிடைக்கும். இரண்டு முட்டையில் 12, ஒரு கை வேர்க்கடலையில் 7, புட்டுக்கு வைக்கும் கடலைக் கறியில் 10, நூறு கிராம் மத்தி மீனில் 20, இரண்டு டம்ளர் பாலில் 13, மூன்று வேளைச் சோறு பலகாரத்தில் இன்னொரு 20. கொஞ்சம் தயிர் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். டப்பாவில் வரும் பவுடர் தேவையில்லை. சோற்றையும் வெட்டாதீர்கள், வேக ஓட்டத்துக்கு எரிபொருள் அதுதான்.

ஷாட் புட் விஷயம். எறிவதில் உடல் எடை உதவும் என்பது சரி. ஆனால் குண்டு கையை விடும் உயரமும் கையின் நீளமும் தூரத்தில் நேராகக் கூடும். 10 செ.மீ. மேலே விட்டால் ஏறக்குறைய அதே அளவு தூரம் சும்மாவே கிடைக்கும். 23.56 மீட்டர் எறிந்த ரயன் குரூசர் 201 செ.மீ. உயரம், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நியூசிலாந்தின் வேலரி ஆடம்ஸ் 193 செ.மீ. 156 செ.மீ. பெண்ணுக்கு, உடம்பு வாகை மட்டும் பார்த்துச் சொல்வதானால்கூட, ஷாட் புட்தான் தாண்டுதலை விடக் கஷ்டமான தேர்வு. விளையாட்டாக எறியட்டும், இடுப்புக்கு நல்லது. மாற்ற வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 30 மீட்டரை 4.8-இல் ஓடி, நின்ற இடத்தில் 1.95 தாண்டுகிற பெண் ஓடிவந்து 4.55-இல் நிற்பது எனக்கு இடிக்கிறது. இந்த வேகத்துக்கு 4.80-க்கு மேல் வர வேண்டும். பலகைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துச் சின்னச் சின்ன எட்டாக வைத்து மிதிக்கிறாளா என்று பக்கவாட்டில் நின்று போனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கள். அநேகமாக அப்படித்தான் இருக்கும். அதற்கு மருந்து ரன்-அப்பில் இருக்கிறது. குழிக்குப் போகாமல் ஓட்டப் பாதையிலேயே, பலகையைப் பற்றிய நினைப்பில்லாமல், முழு வேகத்தில் பதிமூன்று எட்டு ஓடச் சொல்லுங்கள். பதிமூன்றாவது எட்டு விழும் இடத்தில் நீங்கள் ஒரு கல் வையுங்கள். ஐந்தாறு தடவை ஓடினால் கற்கள் ஒரு இடத்தில் குவியும். தொடங்கிய இடத்திலிருந்து அதுவரை டேப் பிடித்தால் கிடைப்பதுதான் அவளுடைய ரன்-அப் நீளம். பலகையிலிருந்து அதே தூரத்தைப் பின்னால் அளந்து அடையாளம் வைக்கட்டும். பின்காற்று அடிக்கும் நாளில் எட்டு நீளும், அடையாளத்தை அரை அடி பின்னால் தள்ள வேண்டும். எதிர்க்காற்று என்றால் முன்னால். அளவை நோட்டில் எழுதிப் பி.டி. சாரிடம் கொடுங்கள், போட்டி நாளில் டேப்பைப் பிடிக்கப்போவது அவர்தான்.